வேறு மொழி, வேறு வழக்கம், ஒரே வார்டு: மருத்துவமனைப் பணியாளர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

செவிலியர்கள், பயிற்சி மருத்துவர்கள், மருந்தாளுநர்கள், வரவேற்பு மேசையில் இருப்பவர்கள் எனத் தமிழ்நாட்டு மருத்துவமனைகளில் வேலை பார்ப்பவர்கள் பயிற்சி வகுப்புகளில் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். நோயாளிகளும் உடன் வருபவர்களும் கேட்கும் சில கேள்விகளும் இடையில் உண்டு. சில பதில்கள் நீளமாக இருக்கும். அந்த இடங்களில்தான் தவறு அதிகம் நடக்கிறது.

'பண்பாட்டுத் திறன்' என்கிறார்களே, அது என்ன? வெளிநாட்டில் வேலை பார்ப்பவர்களுக்கான பாடம்தானே?

இல்லை. நோயாளி பேசும் மொழி, அவருடைய மதம், சாப்பாடு, வீட்டில் யார் முடிவெடுக்கிறார்கள், நோய் எதனால் வந்தது என்று அவர் நம்புகிறார் என்பதையெல்லாம் தெரிந்துகொண்டு, அதற்கேற்ப சிகிச்சை தரும் திறமைக்குத்தான் இந்தப் பெயர். திருப்பூரிலோ கோயம்புத்தூரிலோ ஓர் அரசு மருத்துவமனையின் ஓ.பி. வரிசையைப் பாருங்கள். பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த தொழிலாளிகள், மலைக்கிராமத்து இருளர்கள், வீட்டில் உருது பேசும் பாட்டி, நரிக்குறவர் குடும்பம், திருநங்கை, இலங்கைத் தமிழர் முகாமிலிருந்து வந்தவர் எல்லாரும் அந்த ஒரே வரிசையில்தான் நிற்கிறார்கள். வேலூர் சி.எம்.சி.யைச் சுற்றியுள்ள தெருக்களில் வங்காள மொழிப் பெயர்ப்பலகைகளைப் பார்த்தவர்களுக்கு, எவ்வளவு தொலைவிலிருந்து நோயாளிகள் வருகிறார்கள் என்று தெரியும்.

இந்தத் துறையில் என்னை மிகவும் பாதித்த சிந்தனை நியூசிலாந்திலிருந்து வந்தது. மாவோரி இனத்தைச் சேர்ந்த செவிலியர் இரிஹாபெட்டி ராம்ஸ்டன் 1980-களின் கடைசியில் 'பண்பாட்டுப் பாதுகாப்பு' என்ற கருத்தை முன்வைத்தார். 1992-ல் அந்நாட்டு செவிலியர் கவுன்சில் அதைக் கல்வித்திட்டத்தில் சேர்த்தது. வெள்ளையர் பெரும்பான்மையாக உள்ள நாட்டில் அதற்கு எதிர்ப்பும் பலமாகக் கிளம்பியது. அவர் சொன்னதன் சாரம் இதுதான்: கிடைத்த சிகிச்சை பாதுகாப்பாக இருந்ததா என்பதைச் சொல்ல வேண்டியவர் அதைப் பெற்றுக்கொண்டவர். 'நான் எல்லாரையும் சமமாத்தான் நடத்துறேன்' என்று நாம் நமக்கே மார்க் போட்டுக்கொள்ள முடியாது.

அப்படியென்றால் ஒவ்வொரு சமூகத்தின் பழக்கவழக்கத்தையும் படித்து மனப்பாடம் செய்ய வேண்டுமா?

வேண்டாம். முஸ்லிம் என்றால் இப்படி, மலைவாழ் மக்கள் என்றால் அப்படி, வடக்கிலிருந்து வந்தவர் என்றால் இன்னொரு மாதிரி என்ற பட்டியல்கள் நன்மையைவிடத் தீமையே அதிகம் செய்கின்றன. பட்டியலைப் படித்தவர் கேட்பதை நிறுத்திவிடுவார். முஸ்லிம் பெண் என்பதால் பெண் மருத்துவர்தான் வேண்டும் என்று நாமே முடிவு செய்து அவரை இரண்டு மணி நேரம் காக்க வைப்போம். அவரோ 'யாரா இருந்தாலும் சரி, வலி தாங்கல' என்ற நிலையில் இருப்பார். அமெரிக்க மருத்துவர்கள் மெலனி டெர்வலான், ஜேன் முர்ரே-கார்சியா இருவரும் 1998-ல் 'பண்பாட்டுப் பணிவு' என்ற சொல்லைப் பரப்பியது இதனால்தான். இது ஒருமுறை பாஸ் செய்துவிட்டு ஓய்ந்துவிடும் பரீட்சை கிடையாது, வாழ்நாள் முழுக்கக் கற்றுக்கொண்டே இருக்க வேண்டிய விஷயம் என்பது அவர்கள் வாதம்.

பட்டியலுக்குப் பதில் கையில் வைத்துக்கொள்ள வேண்டியது கேள்விகள். மனநல மருத்துவரும் மானுடவியலாளருமான ஆர்தர் கிளைன்மன், சக ஆய்வாளர்களோடு 1978-ல் வெளியிட்ட கட்டுரையில் நோயாளியிடம் கேட்கச் சில கேள்விகளைத் தந்தார். நம் பேச்சு வழக்கில் அவை இப்படி வரும்:

'உங்களுக்கு என்ன பண்ணுதுன்னு நீங்க நினைக்கிறீங்க? எதனால வந்திருக்கும்? ஏன் இப்போ வந்துச்சு? இதுக்கு என்ன வைத்தியம் பண்ணணும்னு நினைக்கிறீங்க? இதுல எதை நினைச்சு ரொம்பப் பயமா இருக்கு?'

கடைசிக் கேள்வியை மட்டும் கேட்டாலே பாதி வேலை முடிந்துவிடும். வயிற்றுவலி என்று வந்தவருக்கு, போன வருடம் அண்ணன் வயிற்றுப் புற்றுநோயில் இறந்தது அப்போதுதான் வெளியே வரும்.

வடமாநிலத் தொழிலாளி வந்தால் பேச்சே புரிவதில்லை. கூட வந்த மேஸ்திரி சொல்வதை எழுதிக்கொள்கிறோம். தவறா?

உயிருக்கு ஆபத்தான அவசரத்தில் யார் கிடைத்தாலும் பேச வைக்கலாம். மற்ற நேரத்தில் மேஸ்திரியோ ஒப்பந்தக்காரரோ சரியான ஆள் இல்லை. இயந்திரத்தில் கை மாட்டியது எப்படி என்று கேட்டால், நிறுவனத்துக்குப் பிரச்சினை வராத பதிலை அவர் சொல்ல வாய்ப்பு அதிகம். காசநோய் என்றால் அன்றைக்கே வேலையும் தங்குமிடமும் போய்விடலாம். எச்.ஐ.வி. என்றால் நோயாளியின் சம்மதம் இல்லாமல் இன்னொருவருக்குத் தெரியப்படுத்துவது 2017-ன் எச்.ஐ.வி., எய்ட்ஸ் சட்டப்படி தடை செய்யப்பட்டது. திருமணமாகாத பெண் கர்ப்பமாக இருந்தால் அதை மேற்பார்வையாளர் வழியாகச் சொல்வது எவ்வளவு கொடுமை என்று விளக்க வேண்டியதில்லை.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 'வடக்கத்தியார்' என்று நாம் ஒரே வார்த்தையில் அடக்கிவிடும் கூட்டத்துக்குள் ஒடியா, வங்காளம், அசாமியா, போஜ்புரி, மைதிலி எல்லாம் இருக்கின்றன. ஜார்க்கண்டிலிருந்து வரும் பழங்குடி இளைஞர்களுக்கு வீட்டு மொழி சந்தாலி, முண்டாரி, குருக் என்று இருக்கும். அவர்களுக்கு இந்தியும் பள்ளிக்கூடத்திலும் சந்தையிலும் கற்ற மொழிதான். இந்தி தெரிந்த ஓர் ஊழியரைக் கூப்பிட்டதோடு மொழிப் பிரச்சினை முடிந்தது என்று நினைக்காதீர்கள். 'எந்த மொழியில பேசினா உங்களுக்கு வசதி?' என்று முதலில் கேட்டு, கேஸ் ஷீட்டில் பெயருக்குப் பக்கத்திலேயே எழுதிவையுங்கள்.

செய்யக்கூடியவை பல இருக்கின்றன. எந்த ஊழியருக்கு எந்த மொழி தெரியும், எந்த ஷிப்டில் இருக்கிறார் என்று ஒரு பட்டியலைச் செவிலியர் மேசையில் ஒட்டலாம். துப்புரவுப் பணியாளர், பாதுகாவலர் பெயரும் அதில் வரலாம், ஆனால் ரகசியம் காக்க வேண்டும் என்று முதலில் சொல்லிக்கொடுத்துவிட வேண்டும். நேரில் ஆள் இல்லாவிட்டால் போனில் ஸ்பீக்கர் போட்டுப் பேசலாம். கைப்பேசி மொழிபெயர்ப்புச் செயலி 'எங்கே வலிக்கிறது', 'எப்போது சாப்பிட்டீர்கள்' போன்றவற்றுக்கு உதவும். அறுவை சிகிச்சைக்கு ஒப்புதல் வாங்க அதை நம்பக் கூடாது. மொழிபெயர்ப்பவரைப் பார்த்துப் பேசாமல் நோயாளியைப் பார்த்துப் பேசுங்கள். ஒரு நேரத்தில் ஒரு விஷயம், சின்ன வாக்கியம். மாத்திரை அட்டையில் சூரியன், நிலா படம் போட்டால் எந்த மொழிக்காரருக்கும் புரியும்.

குழந்தையை மொழிபெயர்க்க வைக்கலாமா? பள்ளியில் தமிழ் படிக்கிறதே.

அந்தக் குழந்தையின் அம்மாவுக்குக் கரு கலைந்துவிட்டது என்பதை அந்தக் குழந்தையின் வாயாலேயே சொல்ல வைக்கப் போகிறீர்களா? டோக்கன் எண்ணையும் கழிப்பறை எங்கே என்பதையும் வேண்டுமானால் குழந்தையிடம் கேளுங்கள். அதற்கு மேல் வேண்டாம்.

'சரிங்க டாக்டர்' என்று தலையாட்டிவிட்டு, வீட்டில் மருந்தே சாப்பிடுவதில்லை. ஏன்?

நம் ஊரில் பெரியவர்களிடமும் அதிகாரத்தில் இருப்பவர்களிடமும் 'புரியல' என்று சொல்வது மரியாதைக்குறைவு என்றே பலர் வளர்ந்திருக்கிறார்கள். அவர் சொல்லும் 'சரி'க்கு 'நீங்கள் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்' என்று மட்டும்தான் பொருள். 'புரிஞ்சுதா?' என்ற கேள்விக்கு யாரும் இல்லை என்று சொல்லப் போவதில்லை. அதற்குப் பதில், 'நான் தெளிவா சொன்னேனான்னு பார்க்கணும், வீட்டுக்குப் போனதும் இந்த மாத்திரையை எப்படி எப்படிப் போடுவீங்கன்னு சொல்லுங்க' என்று கேளுங்கள். சோதனை உங்களுக்குத்தான், அவருக்கு இல்லை என்பது அந்தக் கேள்வியிலேயே தெரிகிறது. அதனால் அவரும் கூச்சப்படாமல் சொல்வார்.

அம்மை போட்டால் மருத்துவமனைக்கே வருவதில்லை. வேப்பிலை போட்டுப் படுத்துக்கொள்கிறார்கள். மூடநம்பிக்கை என்று சொல்லி மாற்ற வேண்டாமா?

மாற்ற வேண்டியதை மாற்றுவோம். அதற்கு முதலில் அங்கே நடப்பது என்ன என்று பார்க்க வேண்டும். அம்மை போட்ட வீட்டில் வாசலில் வேப்பிலை செருகுவார்கள். வெளியாட்கள் வர மாட்டார்கள். நோயாளி தனியே படுத்திருப்பார், மெல்லிய பருத்தித் துணி உடுத்துவார், இளநீரும் மோரும் கூழும் குடிப்பார், தாளிக்காத எளிய சாப்பாடு. தலைக்குத் தண்ணீர் ஊற்றும்வரை வெளியே போக மாட்டார். சின்னம்மைக்கு மருத்துவம் சொல்வதில் பெரும்பகுதி இதில் ஏற்கெனவே இருக்கிறது: தனிமை, நீர்ச்சத்து, சொறியாமல் இருக்கக் குளிர்ச்சி. மாரியம்மன் வீட்டுக்கு வந்திருக்கிறாள் என்ற நம்பிக்கை, நோயாளியை ஒதுக்காமல் மரியாதையோடு பார்த்துக்கொள்ளவும் வைக்கிறது. அதைக் கேலி செய்தால் அந்த வீட்டுக் கதவு நமக்குத் திறக்காது.

ஆனால் ஆபத்தும் உண்மையானது. பெரியவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் சின்னம்மை நுரையீரலைத் தாக்கலாம். அசைக்ளோவிர் மருந்து, கொப்புளம் தோன்றிய 24 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நன்றாக வேலை செய்யும். தண்ணீர் ஊற்றும் நாள்வரை காத்திருந்தால் அந்த வாய்ப்பு கைநழுவிப் போகும். 'அம்மை' என்று வீட்டில் சொல்வது தட்டம்மையாகவும் இருக்கலாம். குழந்தைக்குத் தட்டம்மை என்றால் வைட்டமின் ஏ கொடுக்க வேண்டும், சுகாதாரத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும்.

எனவே இப்படிப் பேசலாம்: 'ஆத்தாவுக்குச் செய்யறதை நீங்க செய்யுங்க, வேப்பிலை இருக்கட்டும். கர்ப்பமா இருக்கறவங்க, பெரியவங்க, சர்க்கரை இருக்கறவங்களுக்கு வந்தா மட்டும் முதல் நாளே எங்களுக்குச் சொல்லிடுங்க. மூச்சு வாங்கினாலோ, பேச்சு குழறினாலோ, தலைவலி தாங்க முடியாம இருந்தாலோ, கொப்புளத்தைச் சுத்திச் சிவந்து சீழ் வைத்தாலோ உடனே கூட்டிட்டு வந்துடுங்க. குழந்தைக்குக் காய்ச்சல்னு ஆஸ்பிரின் மட்டும் கொடுத்துடாதீங்க.' கோயில் பூசாரியிடமும் இதைச் சொல்லிவையுங்கள். பலருடைய வீட்டுக்குச் செவிலியருக்கு முன்னால் போகிறவர் அவர்தான்.

அறுவை சிகிச்சைக்கு முன் தாலியைக் கழற்றச் சொன்னால் அழுகிறார்கள். விதி விதிதானே?

உலோகம் உடலில் இருக்கக் கூடாது என்பதே விதி. நூல் இருக்கக் கூடாது என்று இல்லை. தங்கச் சங்கிலியைக் கழற்றுவதற்கு முன் மஞ்சள் கயிற்றில் விரலி மஞ்சள் கோத்துக் கட்டிக்கொள்ளச் சொன்னால் பெரும்பாலான பெண்களுக்குப் போதும். அறுவை சிகிச்சை கழுத்துப் பகுதியில் என்றால் அதே கயிற்றைக் கையில் கட்டிக்கொள்ளலாமா என்று கேட்டுப் பாருங்கள். இதை தியேட்டர் வாசலில் ஸ்ட்ரெச்சரில் படுக்கவைத்துச் சொல்லாமல், முந்தின நாள் வார்டிலேயே மாமியாரோ அம்மாவோ பக்கத்தில் இருக்கும்போது சொல்ல வேண்டும். கழற்றிய நகையை யார் கையில் கொடுத்தோம் என்று கையெழுத்து வாங்குவதும் முக்கியம்.

குழந்தையின் அரைஞாண், தர்காவில் மந்திரித்த தாயத்து, கருப்புக் கயிறு, சீக்கியரின் கையிலுள்ள கடா, முடி எல்லாவற்றுக்கும் இதே அணுகுமுறைதான். கேட்காமல் கத்தரியை வைக்காதீர்கள். வெட்டித்தான் ஆக வேண்டும் என்றால் காரணத்தைச் சொல்லுங்கள். வெட்டியதைக் குப்பையில் போடாமல் குடும்பத்தாரிடம் கொடுங்கள்.

பிறந்த குழந்தைக்குச் சேனை வைக்கிறேன் என்று பாட்டி சர்க்கரைத் தண்ணீரோடு நிற்கிறார். தடுத்தால் சண்டை.

குடும்பத்தில் நல்ல குணமும் நல்ல வாழ்வும் உள்ள ஒருவர் முதல் சொட்டு இனிப்பைத் தொட்டு வைத்தால் அவர் குணம் குழந்தைக்கு வரும் என்பது நம்பிக்கை. பாட்டி கேட்பது குழந்தையின் வாழ்க்கையில் தனக்கும் ஓர் இடம். அந்த இடத்தைக் கொடுத்துவிட்டு இனிப்பை மட்டும் எடுத்துவிடலாம். பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. குழந்தையைத் தூக்கி அம்மாவின் மார்பில் வைக்கும் வேலையை அந்தப் பாட்டியிடமே கொடுங்கள், 'முதல் பால் உங்க கையால' என்று. தேன் வைப்பதை மட்டும் தயவுதாட்சண்யம் பார்க்காமல் தடுத்துவிடுங்கள். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தேனிலிருந்து பாட்டுலிசம் என்ற நச்சு நோய் வரலாம்.

பிரசவித்த பெண்ணுக்கான பத்தியத்தையும் பிரித்துப் பார்க்க வேண்டும். பூண்டுக் குழம்பு, சுக்கு, கருவாடு, பால்சுறா எல்லாம் இருக்கட்டும். 'தண்ணி குடிச்சா வயிறு போட்டுடும்' என்று தாய்க்குத் தண்ணீரைக் குறைப்பது கெடுதல். பாலூட்டும் தாய்க்கு அது வேண்டவே வேண்டாம். வெந்நீராகவோ சீரகத் தண்ணீராகவோ குடிக்கலாம் என்றால் வீட்டில் ஒத்துக்கொள்வார்கள்.

சர்க்கரை நோயாளி ரம்ஜான் நோன்பு இருக்கிறேன் என்கிறார். கூடாது என்று சொல்லிவிடலாமா?

சொல்லலாம், ஆனால் அவர் உங்களிடம் சொல்லாமல் இருந்துவிடுவார். மாத்திரையையும் தன் இஷ்டத்துக்கு மாற்றிக்கொள்வார். நோன்பு தொடங்குவதற்கு ஆறு முதல் எட்டு வாரங்களுக்கு முன்பே வரச் சொல்லிப் பேசுவதுதான் நல்லது. கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு வகை மாத்திரைகளும் இன்சுலினும் பகல் பட்டினியில் சர்க்கரையை ஆபத்தான அளவுக்கு இறக்கலாம். அளவையும் நேரத்தையும் மருத்துவர் மாற்றித்தர வேண்டும். வகை 1 சர்க்கரை, கர்ப்பகாலத்தில் சர்க்கரை, சிறுநீரகம் பழுதடைந்தவர்கள், சமீபத்தில் சர்க்கரை இறங்கி மயங்கி விழுந்தவர்கள் நோன்பைத் தவிர்ப்பதே நல்லது.

விரலில் குத்திச் சோதித்தால் நோன்பு முறிந்துவிடும் என்று பலர் பயப்படுகிறார்கள். முறியாது என்பதே மார்க்க அறிஞர்களின் பரவலான கருத்து. சோதனையில் 70-க்குக் கீழேயோ 300-க்கு மேலேயோ போனால் அப்போதே நோன்பைத் திறந்துவிட வேண்டும். நோயாளிக்கும் பயணிக்கும் நோன்பிலிருந்து விலக்கு உண்டு என்று குர்ஆனே சொல்கிறது. அதை நாம் சொல்வதைவிட உள்ளூர் பள்ளிவாசல் இமாம் சொன்னால் நோயாளி நிம்மதியாகக் கேட்பார். ரம்ஜானுக்கு முந்தைய வெள்ளிக்கிழமைகளில் ஜும்ஆ தொழுகைக்குப் பிறகு பத்து நிமிடம் பேச அனுமதி கேட்டுப் பாருங்கள்.

மருந்தில் பன்றி, மாடு கலந்திருக்கிறதா என்று கேட்கிறார்கள்.

நியாயமான கேள்வி. ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஹெப்பாரின் மருந்து பன்றிக் குடலிலிருந்து எடுக்கப்படுகிறது. கேப்ஸ்யூல் உறை பெரும்பாலும் மாட்டின் அல்லது பன்றியின் ஜெலட்டின். முஸ்லிம்கள் மட்டுமல்ல, ஜைனர்களும் சைவ உணவுக்காரர்களும் இதைக் கேட்கலாம். மறைக்காமல் சொல்லுங்கள். சில இடங்களில் ஹெப்பாரினுக்குப் பதில் செயற்கையாகத் தயாரிக்கப்படும் ஃபான்டாபரினக்ஸ் பொருந்தும். பல மருந்துகள் மாத்திரையாகவோ சிரப்பாகவோ கிடைக்கும். மாற்று இல்லாமல் உயிர் ஆபத்து என்றால் மதங்களும் பொதுவாக வழி விடுகின்றன. முடிவு நோயாளியுடையது.

புற்றுநோய் என்று அப்பாவிடம் சொல்லாதீர்கள் என்று மகன் கையைப் பிடித்துக்கொள்கிறார். என்ன செய்வது?

இந்தப் பக்கத்திலேயே கடினமான கேள்வி இதுதான். மகனைச் சட்டம் பேசி விரட்டக் கூடாது. 'தெரிஞ்சா உடைஞ்சு போயிடுவார்' என்று அவர் சொல்வது பாசத்தில் சொல்வது. அதே நேரத்தில் அப்பாவின் உடம்பு அப்பாவுடையது. தேசிய மனித உரிமை ஆணையம் 2018-ல் தயாரித்த நோயாளி உரிமைச் சாசனம், நோய் பற்றிய தகவலை நோயாளிக்குத் தெரிந்த மொழியில், புரியும் விதத்தில் பெறும் உரிமையைச் சொல்கிறது.

இரண்டுக்கும் நடுவில் நல்ல வழி ஒன்று இருக்கிறது. எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்று நோயாளியிடமே கேட்பது. 'ஐயா, டெஸ்ட் ரிசல்ட் எல்லாம் வந்ததும் விவரமா உங்ககிட்டயே சொல்லட்டுமா, இல்ல வீட்ல வேற யார்கிட்டயாவது பேசட்டுமா?' பரிசோதனைக்கு அனுப்பும்போதே, முடிவு வருவதற்கு முன்பே இதைக் கேட்க வேண்டும். சிலர் 'எங்கிட்டயே சொல்லுங்க' என்பார்கள். சிலர் 'பெரியவன் பாத்துப்பான்' என்பார்கள். அதுவும் அவர் எடுத்த முடிவுதான், அதை மதிக்க வேண்டும். பிறகு மகனிடம், 'நானா போய்ச் சொல்ல மாட்டேன். ஆனா அப்பா நேரா கேட்டா பொய் சொல்ல மாட்டேன்' என்று சொல்லிவிடுங்கள்.

என் அனுபவத்தில் நோயாளிகளுக்கு ஏற்கெனவே பாதி தெரிந்திருக்கிறது. கீமோதெரபி வார்டில் படுத்திருப்பவருக்குப் பக்கத்துப் படுக்கைக்காரர் சொல்லிவிடுவார். எல்லாரும் தெரியாத மாதிரி நடிக்கும்போது அவருக்கு மிஞ்சுவது தனிமை. நிலத்தை யார் பேரில் எழுதுவது, மகள் கல்யாணத்தை முன்கூட்டி வைக்கலாமா, கடைசி நாட்களில் ஊருக்குப் போகலாமா என்று பேச வேண்டியவை அப்படியே நின்றுவிடும். இதைப் பொறுமையாக எடுத்துச் சொன்னால் பெரும்பாலான பிள்ளைகள் புரிந்துகொள்கிறார்கள்.

பேய் பிடித்திருக்கிறது என்று தர்காவுக்கும் கோயிலுக்கும் கூட்டிப்போகிறார்கள். மனநோய் என்று சொன்னால் கோபப்படுகிறார்கள்.

ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 அன்று தனியார் மனநலக் காப்பகம் ஒன்றில் பற்றிய தீயில் 28 பேர் கருகி இறந்தார்கள். சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் அவர்களால் ஓடித் தப்ப முடியவில்லை. அந்தக் காப்பகங்கள் தர்காவை நம்பி வந்த குடும்பங்களை வைத்துத்தான் வளர்ந்தன. சங்கிலியால் கட்டுவதை 2017-ன் மனநலப் பராமரிப்புச் சட்டம் முழுக்கத் தடை செய்கிறது. இந்த ஒரு விஷயத்தில் எந்த வழக்கத்துக்கும் விட்டுக்கொடுக்க முடியாது.

ஆனால் வழிபாட்டையும் சேர்த்துத் தடுத்தால் குடும்பம் நம்மை விட்டுப் போய்விடும். குஜராத்தின் உனாவா ஊரிலுள்ள மீரா தாத்தார் தர்காவில் 'தவா, துவா', அதாவது மருந்தும் பிரார்த்தனையும் என்ற திட்டம் இதற்கு வழி காட்டியது. அங்கே பிரார்த்தனை நடத்துகிறவர்களே நோயாளியை மனநல மருத்துவரிடம் அனுப்பினார்கள். மருத்துவரும் தர்காவுக்குப் போகாதே என்று சொல்லவில்லை. பிறகு ஏர்வாடியிலும் தர்கா வளாகத்தை ஒட்டி அதே முறையில் மனநல சிகிச்சை தொடங்கப்பட்டது. உங்கள் ஊரிலும் இதைச் செய்யலாம். 'சாமிகிட்ட வேண்டிக்கறதை நிறுத்த வேண்டாம், இந்த மாத்திரையையும் நிறுத்த வேண்டாம்' என்ற ஒரு வாக்கியம் போதும்.

பெண் நோயாளியை ஆண் மருத்துவர் பரிசோதிக்கும்போது?

இன்னொரு பெண் உடன் இருக்க வேண்டும். மேலே சொன்ன நோயாளி உரிமைச் சாசனத்தில் இது இருக்கிறது. எந்த மதம், எந்த ஊர் என்று பார்க்கத் தேவையில்லை. திரை இல்லையென்றால் புடவையோ போர்வையோ பிடிக்க ஆள் வேண்டும்.

திருநங்கை வந்தால் ஆண்கள் வார்டா, பெண்கள் வார்டா?

அவரிடம் கேளுங்கள். தன் பாலினம் எது என்று தானே சொல்லும் உரிமையை உச்ச நீதிமன்றம் 2014-ல் உறுதி செய்தது. மருத்துவமனையில் பாகுபாடு காட்டுவதை 2019-ன் திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம் தடுக்கிறது. ஆதாரில் எந்தப் பெயர் இருந்தாலும், அவர் சொல்லும் பெயரைச் சத்தமாகக் கூப்பிடுங்கள். கையில் அடிபட்டு வந்தவரிடம் அறுவை சிகிச்சை செய்திருக்கிறீர்களா என்று கேட்க எந்தக் காரணமும் இல்லை. மருந்துக்கோ பரிசோதனைக்கோ தேவைப்பட்டால் மட்டும், ஏன் கேட்கிறோம் என்று சொல்லிவிட்டுத் தனியாகக் கேளுங்கள். பார்ப்பதற்காக மாணவர்களைக் கூட்டிவருவது வன்முறை.

பக்கத்துப் படுக்கையில் இருப்பவர் வேறு சாதி, இடம் மாற்றுங்கள் என்று ஒரு குடும்பம் கேட்டால்? அதுவும் அவர்கள் பண்பாடுதானே?

மாற்றக் கூடாது. தீண்டாமையை அரசியலமைப்பின் 17-வது பிரிவு ஒழித்துவிட்டது. சாதியைப் பண்பாடு என்ற பெயரில் மருத்துவமனைக்குள் விட முடியாது. இந்தச் செவிலியர் எனக்கு ஊசி போடக் கூடாது, அந்த ஆள் கொண்டுவந்த கஞ்சி வேண்டாம் என்ற பேச்சுக்கும் இதே பதில்தான். சைவச் சாப்பாடு கேட்பது வேறு, யார் சமைத்தது என்று கேட்பது வேறு.

நம் பக்கத்தையும் பார்க்க வேண்டும். வெள்ளை வேட்டிக்காரருக்கு 'வாங்க, உக்காருங்க', செங்கல் சூளையிலிருந்து வந்தவருக்கு 'ஏய், அங்க நில்லு' என்று பேசுகிறோமே, நோயாளி முதலில் கேட்பது அதைத்தான். துணியைப் பார்த்து மாறும் அந்த ஒருமைப் பேச்சை நிறுத்த பட்ஜெட் தேவையில்லை. நாடியைக்கூடத் தொட்டுப் பார்க்காமல் தூரத்திலிருந்து சீட்டு எழுதுவதும் இதே வகைதான்.

தோல் நிறத்துக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?

நிறைய. நம் பாடப்புத்தகப் படங்கள் பெரும்பாலும் வெள்ளைத் தோலில் எடுத்தவை. கருத்த தோலில் சிவப்புத் தடிப்பு சாம்பலாகவோ ஊதாவாகவோ தெரியலாம். நீலம் பாய்வதை நாக்கிலும் உதட்டின் உள்பக்கத்திலும் பாருங்கள், மஞ்சளை விழி வெண்படலத்தில் பாருங்கள். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரும் ஏமாற்றும். அமெரிக்காவில் 2020 டிசம்பரில் வெளியான ஆய்வில், கருவி 92 முதல் 96 வரை காட்டியபோது உண்மையில் ஆக்சிஜன் 88-க்குக் கீழே இருந்தது கறுப்பின நோயாளிகளில் 11.7 சதவீதம், வெள்ளையர்களில் 3.6 சதவீதம். எனவே கருவி 94 காட்டினாலும் நோயாளி மூச்சு வாங்கினால் நோயாளியை நம்புங்கள். மருதாணியும் நகப்பூச்சும் இருந்தால் வேறு விரலில் போட்டுப் பாருங்கள்.

மலைக்கிராம மக்கள் சிகிச்சை முடியும் முன்பே சொல்லாமல் போய்விடுகிறார்கள். எப்படித் தடுப்பது?

தடுப்பது என்று யோசிப்பதைவிட, ஏன் இருக்க முடியவில்லை என்று யோசிப்பது பயன் தரும். மொழி தெரியாத இடம், திட்டும் ஊழியர்கள், கூட வந்தவருக்குச் சாப்பாடு இல்லை, நின்றுபோன தினக்கூலி, வீட்டில் ஆடு, குழந்தை.

நீலகிரி கூடலூரில் அஷ்வினி அமைப்பு நடத்தும் ஆதிவாசி மருத்துவமனை 1990-ல் தொடங்கியது. பணியர், காட்டுநாயக்கர், பெட்டக்குறும்பர், முள்ளுக்குறும்பர், இருளர் சமூகத்துப் பெண்களையே செவிலியர்களாகவும் சுகாதாரப் பணியாளர்களாகவும் பயிற்றுவித்தார்கள். உள்ளே நுழைகிறவருக்குத் தன் மொழியில் பேசும் முகம் ஒன்று முதலில் தெரிகிறது. கிராமத்தில் அவரைப் பின்தொடர்ந்து பார்ப்பவரும் அதே சமூகத்துப் பெண். தருமபுரி மாவட்டம் சித்தேரி, கல்வராயன் மலைகளுக்கு நடுவிலுள்ள சிட்டிலிங்கியில் மருத்துவர்கள் ரெஜி ஜார்ஜும் லலிதாவும் 1990-களின் தொடக்கத்தில் ஒரு குடிசையில் ஆரம்பித்த மருத்துவமனையும் இப்படித்தான் வளர்ந்தது. பள்ளிப் படிப்பு அதிகம் இல்லாத உள்ளூர்ப் பெண்கள் அங்கே பிரசவம் பார்க்கவும் அறுவை அரங்கில் உதவவும் கற்றுக்கொண்டார்கள். மலையாளி என்ற பெயருடைய பழங்குடிகளும் லம்பாடிகளும் வாழும் அந்தப் பள்ளத்தாக்கில் குழந்தை இறப்பு வெகுவாகக் குறைந்தது.

இந்த இரண்டு இடங்களிலும் வெளியிலிருந்து வந்த மருத்துவர்களுக்குப் பண்பாட்டுப் பாடம் எடுத்ததைவிட, அந்த மக்களையே மருத்துவமனையின் ஊழியர்களாக்கியதுதான் மாற்றத்தைக் கொண்டுவந்தது என்பது என் உறுதியான எண்ணம். அரசு மருத்துவமனைகளில் ஒப்பந்தப் பணிக்கு ஆள் எடுக்கும்போதாவது இதை யோசிக்கலாம்.

காலையில் 100 பேரைப் பார்க்க வேண்டும். இதற்கெல்லாம் நேரம் ஏது?

உண்மைதான், நேரமில்லை. எல்லாருக்கும் எல்லாம் செய்ய முடியாது. ஆனால் மொழி, உணவு, உடன் இருப்பவர் யார் ஆகிய மூன்றும் ஓ.பி. சீட்டு எழுதும் இடத்திலேயே கேட்கப்பட்டால் மருத்துவர் நேரம் செலவாகாது. எதை நினைத்துப் பயப்படுகிறார் என்பதை, ரத்த அழுத்தம் பார்க்கும் செவிலியர் பட்டையைச் சுற்றும்போதே கேட்டுவிடலாம். புரியாமல் போன நோயாளி நான்கு நாள் கழித்து மோசமாகி அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வரும்போது ஆகும் நேரத்தையும் கணக்கில் சேருங்கள்.

சித்த மருந்து சாப்பிடுவதை மறைக்கிறார்கள்.

திட்டுவோம் என்பதால் மறைக்கிறார்கள். 'நாட்டு மருந்து, சித்த மருந்து, கஷாயம் ஏதாவது எடுக்கறீங்களா? கூட எடுத்துட்டு வாங்க, சேர்த்துச் சாப்பிடலாமான்னு பாத்துடலாம்' என்று கேளுங்கள். பற்பம், செந்தூரம் என்றால் யார் தயாரித்தது என்று விசாரியுங்கள். முறையாகச் செய்யாதவற்றில் ஈயம், பாதரசம் இருக்கக்கூடும். பட்டம் பெற்ற சித்த மருத்துவர் அதே வளாகத்தில் இருந்தால் அவரிடமே பேசிவிடலாம்.

இறந்தவரின் உடலை எப்படிக் கையாள்வது?

தொடுவதற்கு முன் குடும்பத்தைக் கேளுங்கள். முஸ்லிம் குடும்பங்கள் குளிப்பாட்டி விரைவில் அடக்கம் செய்ய விரும்புவார்கள். சில இந்துக் குடும்பங்கள் உயிர் வீட்டில்தான் போக வேண்டும் என்று கடைசி நேரத்தில் டிஸ்சார்ஜ் கேட்பார்கள். மூச்சுத்திணறலுக்கும் வலிக்கும் மருந்து கொடுத்து அனுப்ப முடியுமா என்று பாருங்கள். பிரேதப் பரிசோதனை தேவைப்படும் இறப்புகளில், வசதியுள்ள மருத்துவமனைகள் சூரியன் மறைந்த பிறகும் அதைச் செய்யலாம் என்று ஒன்றிய அரசு 2021 நவம்பரில் அனுமதித்தது. கொலை, தற்கொலை, பாலியல் வன்முறை, அழுகிய உடல், சந்தேக மரணம் ஆகியவற்றுக்கு மட்டும் பொதுவாக இது பொருந்தாது. 'காலையில வாங்க' என்று அனுப்புவதற்கு முன் இதைச் சரிபாருங்கள்.

மதம், மொழி, சாதியைக் காரணம் காட்டி மோசமாக நடத்தினால் நோயாளி எங்கே புகார் செய்வது?

அரசு மருத்துவமனை என்றால் முதலில் நிலைய மருத்துவ அலுவலரிடம் எழுத்தில் கொடுத்து, நகலில் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். 104 உதவி எண்ணிலும் சொல்லலாம். தீர்வு கிடைக்காவிட்டால் மாநில மனித உரிமை ஆணையத்துக்கு எழுதலாம். பட்டியல் சாதியினரையோ பழங்குடியினரையோ சாதி சொல்லி இழிவுபடுத்தினால் 1989-ன் வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி காவல் நிலையத்தில் புகார் தரலாம். என்ன சொன்னார்கள், எந்த வார்டு, எத்தனை மணி, யார் உடன் இருந்தார்கள் என்பதை அன்றே எழுதிவையுங்கள். தமிழ் எழுதத் தெரியாதவர் தன் மொழியிலேயே எழுதலாம். அதை வாங்க மறுக்கக் கூடாது என்பதை மேசையில் இருப்பவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவைப்பது நிர்வாகத்தின் பொறுப்பு.